வாக்கி டாக்கி பேட்டரிய சார்ஜர்லயே விட்டு வைக்காதீங்க

வாக்கி டாக்கி பேட்டரி பேசிப் பேசி தேயறத விட சும்மா கிடந்து கெட்டுப் போறதுதான் ஜாஸ்தின்னு எனக்குத் தோணுது. ஒண்ணு ராத்திரி பகலா சார்ஜர் மேலயே உக்காந்திருக்கும், இல்லன்னா சுத்தமா தீந்த நிலைல மாசக்கணக்கா டிராயர்ல கிடக்கும், ரெண்டுமே அதுக்கு ஆகாது.

இப்ப வர்ற செட்ல பெரும்பாலும் லித்தியம் அயான்தான், உள்ள ரெண்டு செல் வரிசையா இருந்தா மேல 7.4 வோல்ட்னு போட்டிருக்கும், ஃபுல் ஆனதும் மல்டிமீட்டர் வச்சுப் பாத்தா 8.4 காட்டும். அந்த 8.4லயே, அதுவும் சூடான எடத்துல, நாள்கணக்கா இருந்தா கெபாசிட்டி கொஞ்சம் கொஞ்சமா போயிடும், போனது போனதுதான். அதனால கொஞ்ச நாளைக்கு செட் தேவைப்படாதுன்னா சுமார் பாதி சார்ஜ், அதாவது 7.6 வோல்ட் பக்கத்துல வச்சு, செட்ல இருந்து கழட்டி, வெயில் படாத எடத்துல வைங்க. ரொம்ப தீர விட்டீங்கன்னா உள்ள இருக்கிற புரொடக்‌ஷன் சர்க்யூட் கட் பண்ணிடும், அப்புறம் சார்ஜர் அத ஏத்துக்காமலே போகலாம்.

"ஃபுல்லா தீத்துட்டு சார்ஜ் போடு"ன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க பாருங்க, அது பழைய நிக்கல் காட்மியம் காலத்து பழக்கம், மெமரி எஃபெக்ட்டுக்காக (பாதி தீந்ததுமே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டா கெபாசிட்டி குறைஞ்ச மாதிரி ஆகறது) வந்தது, லித்தியத்துக்கு அது தேவையே இல்ல. உங்க செட்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா இருந்தா கவனிக்க வேண்டியது வேற, அது சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கிடும், வெளிய எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி நாள் ஏத்திடணும். ஒண்ணோட சார்ஜர இன்னொண்ணுக்குப் போடவே கூடாது.

அப்புறம் அந்த பேட்டரி பார், தயவுசெஞ்சு அத மட்டும் நம்பாதீங்க. சும்மா கேட்டுட்டு இருக்கும்போது ஃபுல்லா காட்டும், ஹை பவர்ல பிடிடி, அதாவது பேசறதுக்கு அமுக்குற பட்டன, அமுக்கின உடனே கரண்ட் ஆம்பியர் கணக்குல போகும், பழைய பேட்டரின்னா வோல்டேஜ் பொத்துனு விழுந்து செட்டே ஆஃப் ஆயிட்டு திரும்ப ஆன் ஆகும். பேட்டரி நிலைமை தெரியணும்னா டிரான்ஸ்மிட் பண்ணும்போதுதான் பாக்கணும்.

ஆனா இப்படி ஆச்சுன்னு உடனே புது பேட்டரி வாங்கிடாதீங்க, மொதல்ல காண்டாக்ட்ட பாருங்க. பின்னாடி இருக்கிற சின்ன சின்ன தகட்டுல கை வேர்வையும் தூசியும் சேந்து மங்கலா ஒரு படலம் படிஞ்சிருக்கும், வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாதான் தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹால காட்டன் பட்ஸ்ல தொட்டு தேச்சா பஞ்சு கருப்பாயிடும், தகடு பளிச்சுனு ஆயிடும், சார்ஜர் லைட் மினுக்கு மினுக்குன்னு அடிக்கிற பிரச்சனையும் பல நேரம் இதுலயே சரியாயிடும். உப்புத்தாள் மட்டும் போடாதீங்க, மேல இருக்கிற பூச்சு போயிடும்.

சார்ஜ் போடும்போது செட்ட ஆஃப் பண்ணிடுங்க, வெயில்ல இருந்து வந்த பேட்டரிய ஆற விட்டுட்டு போடுங்க, 0 டிகிரிக்கு கீழ இருக்கிற குளிர்ல லித்தியத்த சார்ஜ் பண்ணவே கூடாது. பேட்டரி முதுகு லேசா உப்பியிருந்தா, செட்ல மாட்டும்போது இடிக்குதுன்னா, அதோட கதை முடிஞ்சது. அழுத்தி மாட்டாதீங்க, குத்திப் பாக்காதீங்க, குப்பைத் தொட்டில போடாம இ-வேஸ்ட் வாங்குற எடத்துல குடுத்துடுங்க.