மாடிப்படிக்குக் கீழே ஒரு வெற்றிடம்

"தம்பி, இந்தக் கழிவறை மனிதருக்கா, கோழிக்கா?"

மேசன் ஐயா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன்.

நான் வரைபடம் கீறிய இரண்டு மாடி வீடு. படிக்கட்டு ஒருமுறை மடங்கி ஏறும். ஒரு படி ஏறும் உயரத்தை எட்டு என்போம். கீழிருந்து ஒன்பது எட்டு, இடையில் ஒரு தட்டு, திரும்பி மேலும் ஒன்பது எட்டு. தளத்துக்குத் தளம் 3150 மில்லிமீற்றர், எட்டு ஒன்றுக்கு 175. பின்சுவரில் மேசன் ஐயா நூல் அடித்து, நீலக் கோட்டில் இடைத்தட்டின் மட்டத்தைக் குறித்திருந்தார். தரையிலிருந்து 1575. கொங்கிரீட்டின் கனம் 150 போனால் மிஞ்சுவது 1425. அந்தக் கோட்டுக்கு நேர்கீழேதான் என் வரைபடத்தில் பின்வளவுக்குத் திறக்கும் கழிவறைக் கதவு இருந்தது. ஏழடி உயர நிலையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது நீலக் கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று வரிசைக் கல்லும் கட்டியாகிவிட்டது.

"இந்தக் கோடு உங்கள் படத்தில் எங்கே?" என்று கேட்டார்.

என் படத்தில் அந்தக் கோடு இல்லை. நான்தான் அதை மறைத்திருந்தேன்.

நாங்கள் கட்டட வரைபடம் கீறும் ரெவிட் மென்பொருளில் தளவரைபடம் என்பது வீட்டைக் குறிப்பிட்ட உயரத்தில் கிடையாக வெட்டி, மேலிருந்து கீழே பார்ப்பது. அந்த வெட்டு உயரம் மில்லிமீற்றர் வார்ப்புருக்களில் வழக்கமாக 1200. எட்டு 175 என்றால் ஏழாவது எட்டிலேயே படிக்கட்டு வெட்டுப்பட்டுவிடும். அந்த இடத்தில் ஒரு முறிவுக்கோடு விழும். அதற்கு அப்பால் உள்ள இடைத்தட்டு, இரண்டாவது ஏற்றம் எல்லாம் வெட்டுக்கு மேலே இருப்பவை. அவற்றைக் காட்டுவதா வேண்டாமா என்பதை மென்பொருள் நம்மிடமே விட்டுவிடுகிறது. விசிபிலிட்டி கிராபிக்ஸ் பெட்டியைத் திறந்து, படிக்கட்டு என்ற வகையை விரித்தால் கூறுகள் வரிசையாக வரும்: வெளிக்கோடு, எட்டுக் கோடு, மிதியின் மூக்குக் கோடு, தாங்கிகள், முறிவுக்குறி. இவற்றில் பலவும் இன்னொரு முறை, முன்னால் 'அபவ்' என்ற சொல்லோடு வரும். அவைதான் வெட்டுக்கு மேலே உள்ளவை.

அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு அந்த 'அபவ்' கோடுகளைக் கண்டாலே பிடிக்காது. தாளில் படிக்கட்டு இருக்கும் மூலை மட்டும் கறுத்துப்போய், கறையான் அரித்த பலகை மாதிரித் தெரியும். ஒருநாள் எல்லாச் சரிகுறிகளையும் எடுத்துவிட்டேன். உடனே இன்னொரு அலங்கோலம்: படிகள் மறைந்தன, கைப்பிடிக் கோடுகள் மட்டும் ஆகாயத்தில் தொங்கின. கைப்பிடி தனி வகை. அதற்குள்ளும் 'அபவ்' கூறுகள் இருக்கின்றன, அவற்றையும் தனியாக அணைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் போனது. கண்டுபிடித்த பெருமையில் செய்ததுதான் பெரிய பிழை. அந்த ஒரு பார்வையில் மட்டும் மாற்றாமல், பல பார்வைகளுக்கும் ஒரே அமைப்பைக் கொடுக்கும் வார்ப்புருவான வியூ டெம்ப்ளேட்டிலேயே மாற்றிவிட்டேன். அந்த வார்ப்புருவை அணிந்திருந்த எல்லாத் தளவரைபடங்களிலும் ஒரே நொடியில் வெண்மை பரவியது. எவ்வளவு சுத்தம்!

அந்தச் சுத்தம்தான் உப்புவெளிக்குப் போனது. வீட்டுக்காரர் தாளை விரித்துப் பார்த்திருக்கிறார். ஏழு படிகள், ஒரு முறிவுக்கோடு, அதற்கு அப்பால் வெள்ளை. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று பென்சிலால் ஒரு சிறு கழிவறையைக் கீறி, பின்வளவிலிருந்து வருவோர் நேரே நுழைய ஒரு கதவும் போட்டு எனக்குத் தந்தார். அவர்மேல் குற்றமில்லை. நான் அதை அப்படியே கணினியில் ஏற்றினேன். வீட்டைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் ஒரு வெட்டுமுகம் எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை; முழு வீடும் முப்பரிமாணத்தில் என் முன்னால்தான் கிடந்தது. ஆனால் தளவரைபடத்தில் வெறுமையாக இருந்த இடம் என் கண்ணுக்கும் வெறுமையாகவே தெரிந்தது. மறைத்தவன் நான், மறைத்ததை மறந்தவனும் நான்.

தரையைப் பள்ளமாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கழிவுநீர்க் குழாயின் மட்டத்துக்குக் கீழே கழிவறைத் தரை போனால் என்ன நடக்கும் என்பதை மேசன் ஐயா சொற்களால் விளக்கினார். அவற்றை இங்கே எழுத முடியாது. கடைசியில் கதவை மறுபக்கத்துக்கு, இரண்டாவது ஏற்றத்தின் உயர்ந்த முனைக்கு மாற்றினோம். அங்கே நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் கதவு முன்கூடத்தைப் பார்த்துத் திறக்கும். வீட்டுக்காரரின் தாயார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசவில்லை; தேநீர் மட்டும் சீனி இல்லாமல் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாக் கோடுகளையும் திரும்பக் கொண்டுவருவது அல்ல. அதுவும் உதவாது, மேல் ஏற்றத்தின் எட்டுக் கோடுகள் கீழ்த்தளப் படத்தில் திடமாகத் தெரிந்தால் அவற்றையும் தரையிலிருந்து கட்ட வேண்டியவை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. இப்போது 'அபவ்' வெளிக்கோட்டை மட்டும் விடுகிறேன், அதுவும் துண்டுக்கோடாக, மெல்லிய தடிப்பில். மேலே உள்ள எட்டுக் கோடு, மூக்குக் கோடு, தாங்கிகள் மூன்றையும் அணைத்துவிடுகிறேன். இடைத்தட்டின் கீழ் எவ்வளவு உயரம் கிடைக்கும் என்பதை அந்தத் துண்டுக்கோட்டுக்குள்ளேயே எழுதிவிடுகிறேன்.

எட்டுகளுக்கு எண் இடுவதும் அப்போது தொடங்கிய பழக்கம். மேசன் ஐயா அங்குலக்காரர். 175 என்பதை ஏழு அங்குலம் என்று மனதில் மாற்றிக்கொள்வார். பதினெட்டு ஏழு 126 அங்குலம், அதாவது 3200 மில்லிமீற்றர். தளமோ 3150. அந்த 50 எங்காவது ஒரு எட்டின் தலையில்தான் விழும், பெரும்பாலும் கடைசி எட்டில். அந்த எட்டில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். எண்ணும் மொத்த உயரமும் தாளில் இருந்தால் அவர் சுவரில் முதலில் மொத்தத்தைக் குறித்துவிட்டு, பிறகு அதைப் பதினெட்டாகப் பிரிக்கிறார்.

வெட்டு உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கழிவறையின் உயர்ந்த சாளரம் தளவரைபடத்தில் விழவில்லை என்று ஒருமுறை சக ஊழியர் வெட்டை 1800க்கு ஏற்றிவிட்டார். சாளரம் வந்தது. படிக்கட்டின் முறிவுக்கோடு இடைத்தட்டைத் தாண்டி இரண்டாவது ஏற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாளரம் உள்ள மூலைக்கு மட்டும் பிளான் ரீஜன் போட்டு வேறு வெட்டு உயரம் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது எங்களிடம் இரண்டு வார்ப்புருக்கள் இருக்கின்றன. அனுமதிக்குப் போகும் படங்களுக்கு ஒன்று. மற்றதன் பெயர் 'மேசன்'. போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி அந்த இரண்டாவதைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தத் துண்டுக்கோடு எதற்கு? படமே அழுக்காகத் தெரிகிறது" என்றாள். கை ஏற்கெனவே சரிகுறியின்மேல் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை நிலாவெளியில் ஒரு படிக்கட்டுக்குப் பலகை அடிக்கிறார்கள், மேசன் ஐயாவும் நிற்பார், உன்னையும் கூட்டிப்போகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வரையாவது அதை எடுத்துவிடாதே என்றும் கேட்டுக்கொண்டேன்.