விசா யார் கையில் இருக்கிறது?

மதுரைப் பக்கம் பி.எட். முடித்து வளைகுடாப் பள்ளிகளுக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். முதலில் சம்பளம் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் தங்க இடம், வருடாந்திர டிக்கெட். போய்ச் சேர்ந்த பள்ளி ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே வேறு பள்ளிக்கு மாற முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. ஓமனின் மஸ்கட்டில் பல வருடங்கள் வேதியியல் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஊரில் இருக்கும்வரை நம் கவனமெல்லாம் சான்றிதழ்கள் மேல்தான். காமராசர் பல்கலைக்கழகத்தில் பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்று, சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது ஒப்பந்த நாடுகள் ஏற்கும் சான்று. ஓமன் 2012-இலேயே அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டதால் தூதரக முத்திரைக்குத் தனியாக அலைய வேண்டாம். இவ்வளவும் நம் பெயரில், நம் பையில் இருக்கும் தாள்கள். விசாவை மட்டும் பள்ளிதான் எடுக்கிறது. நாம் அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியே அந்தப் பள்ளியை ஒட்டித்தான்.

2014 ஜூலை முதல் ஓமனில் இருந்த விதி கடுமையானது. பழைய முதலாளி என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று தராவிட்டால், நாட்டைவிட்டு வெளியேறி இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே புது வேலை விசா. என்.ஓ.சி. என்பது அரைப் பக்கக் கடிதம். தலைப்பில் பள்ளியின் பெயர், கீழே வட்ட முத்திரை, ஒரு கையெழுத்து. அதைத் தருவதும் தராததும் நிர்வாகத்தின் இஷ்டம். என்னோடு வேலை பார்த்த மேலூர்ப் பெண் ஒருத்தி பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தாள். ரிசல்ட் நன்றாக வந்ததாலேயே அவளை விட நிர்வாகத்துக்கு மனமில்லை. ஒப்பந்தத்தை முழுசாக முடித்திருந்தாள், இன்னொரு பள்ளி அழைத்திருந்தது, கடிதம் மட்டும் வரவில்லை. பெட்டி கட்டும்போது, “நல்லாப் பாடம் நடத்துனதுக்கு இதுவா அக்கா கூலி?” என்று கேட்டாள். ஊருக்கு வந்து, அங்கே வாங்கியதில் ஒரு சிறு பங்குச் சம்பளத்துக்கு மெட்ரிக் பள்ளியில் அந்த இரண்டு வருடத்தையும் தள்ளினாள்.

இது ஒருத்தியோடு நிற்கிற விஷயமில்லை. ஒப்பந்தம் முடிகிற வருடம் வந்தால் ஸ்டாஃப் ரூமில் குரல் இறங்கிவிடும். கூடுதல் பீரியட் தலையில் விழுந்தாலும், பஸ் டியூட்டியை மாற்றிப் போட்டாலும் சரி சார், சரி மேடம்தான். நாளைக்கு அந்தக் கடிதத்துக்கு அதே மேசை முன்னால் நிற்க வேண்டுமே. வகுப்பில் நிமிர்ந்து நிற்க வேண்டிய ஒருவரை இப்படிக் கூனிப்போக வைத்த விதி அது. அது போனதில் எனக்கு இன்றைக்கும் நிறைவு.

2021 ஜனவரி 1 முதல் ஓமன் அந்த என்.ஓ.சி.யை எடுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்ததற்கோ முறையாக முறிக்கப்பட்டதற்கோ ஆதாரம் இருந்தால் புதுப் பள்ளி நம் விசாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சிக்கல் இப்போது தேதிக்குள் ஒளிந்திருக்கிறது. நம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அங்கே ஏப்ரலில் ஆண்டு தொடங்கும். விசா தாமதமாகி ஜூனில் போய்ச் சேர்ந்தால் இரண்டு வருட ஒப்பந்தமும் ஜூனில்தான் முடியும். புதுப் பள்ளிக்கோ ஏப்ரலிலேயே ஆள் வேண்டும். இடையில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ நல்ல வேலைகள் நழுவிப் போகின்றன.

மற்ற நாடுகளும் மாறியிருக்கின்றன. கத்தார் 2020-இல் என்.ஓ.சி.யை நீக்கியது. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டப்படி நோட்டீஸ் காலம் 30 முதல் 90 நாள்வரை. தகுதிகாண் காலத்திலேயே உள்நாட்டில் வேறு இடத்துக்குத் தாவினால், புது முதலாளி பழையவருக்கு ஆளெடுத்த செலவைக் கட்ட வேண்டியிருக்கும். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒரு பிரிவையும் ஒப்பந்தத்தில் போட இடமுண்டு. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். கையில் மஸ்கட் பள்ளியின் ஆஃபர் லெட்டர். “இதுவும் கான்ட்ராக்டும் ஒண்ணுதானே அக்கா?” என்றாள். இல்லை, அங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தம்தான் பேசும், அதன் நகலை முதலில் கேள் என்றேன். முடியும் தேதியை மார்ச்சுக்கு வைக்க முடியுமா என்று பள்ளிக்கு ஒரு மின்னஞ்சலும் சேர்ந்தே எழுதினோம். பதில் வரும்வரை கையெழுத்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான், டிக்கெட் விலைகூட விசாரித்து வைத்துவிட்டாராம்.