யாருக்கு எப்போது தெரியும்?

ஜூன் 7, 2025, சனி

நண்பர்கள் எழுதிய கதைகள் கட்டாக வந்திருக்கின்றன. குற்றம், பேய், சரித்திரம், காதல், செவ்வாய்க் கிரகம் என்று வகைக்கு ஒன்று. படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் குற்றக் கதை. போன மாதம் மதுரையில் நடக்கும் கொலை. இன்ஸ்பெக்டர் எஃப்ஐஆரில் 302 என்று எழுதுகிறார். அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு இப்போது பிரிவு 103. எண்ணை மாற்றிவிட்டுப் போகலாம்தான், ஆனால் அதில் ஒரு காட்சியே இருக்கிறது. இருபது வருடம் சர்வீஸ் போட்டவர் பழக்கத்தில் "302 போடுய்யா" என்பார். இளம் எஸ்ஐ மெதுவாக "103 சார்" என்பார். இரண்டே வரியில் இரண்டு பேரும் கண்முன் வந்துவிடுவார்கள்.

பெரிய சிக்கல் வேறு. கொலையாளி கடைசி அத்தியாயத்தில்தான் முதல்முறையாகத் தலைகாட்டுகிறான். இது வாசகருக்குச் செய்கிற மோசடி. துப்பறிபவர் பார்த்ததையெல்லாம் வாசகரும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் கோட்டைவிட்டிருக்க வேண்டும். முக்கியமான தடயத்தை ஒரு குடும்பச் சண்டைக்கு நடுவில் போட்டுவைத்தால் போதும், கண்ணில் பட்டாலும் மனதில் தங்காது.

ஜூன் 9, திங்கள்

பேய்க் கதை. மூன்றாம் பக்கத்திலேயே பேய் வந்து தன் வரலாறு முழுவதையும் சொல்லிவிடுகிறது. அப்புறம் பயப்பட என்ன மிச்சம்? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் கதை சொல்பவரே ஒரு எழுத்தாளர். கற்பனைதான் அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்த பெண் யார் என்பது கதை முடிந்தும் நமக்கு உறுதியாகத் தெரியாது. குற்றக் கதைக்காரர் பதில் சொல்லாமல் போனால் சண்டைக்குப் போவோம். பேய்க் கதைக்காரர் பதில் சொன்னால்தான் கோபம் வருகிறது.

ஜூன் 14, சனி

சரித்திரக் கதை. ஆதித்த கரிகாலன் கொலை. (சோழ வீரன் ஒருவன் கஞ்சிக்கு மிளகாய் கடிக்கிறான். மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு இங்கே வந்தது. மிளகோடு நிறுத்தச் சொல்ல வேண்டும்.)

கரிகாலன் சாகப்போகிறான் என்பது தமிழ் வாசகர் பெரும்பாலோருக்குத் தெரியும். 'பிழைப்பானா மாட்டானா' என்று நாற்பது பக்கம் இழுத்தால் கொட்டாவிதான் வரும். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களை அது சொல்கிறது. அவர்கள் சொத்தோடு உறவினர்கள் சொத்தும் பறிபோனதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த 'ஏன்'தான் நாவலாசிரியருக்குக் கிடைத்த இடம். எனக்கு அதைவிடவும் ஆசை காட்டுவது அந்த உறவினர்கள். கொலையில் கைவைக்காமல் நிலத்தை இழந்த ஒரு மருமகன் என்ன ஆனான் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவனை நாயகனாக்கினால் வாசகர் முடிவு தெரியாமல் பின்னால் வருவார்.

ஜூன் 15, ஞாயிறு

காதல் கதை. இருவரும் சேர்வார்கள் என்று நமக்கு முதல் பக்கத்திலேயே தெரிகிறது, அவர்களுக்குத்தான் தெரியவில்லை. அது சரி. ஆனால் பிரிவதற்குக் காரணம் ஒரே ஒரு தவறிய அழைப்பு என்றால் ஏற்க முடியாது. திருப்பி அழைக்க வேண்டியதுதானே?

ஜூன் 21, சனி

செவ்வாய்க் கதையை ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன். முதல் நான்கு பக்கம் கருவிகளின் விளக்கம். அங்கேயே வாழ்கிறவன் காற்றழுத்தக் கதவைப் பார்த்து வியக்க மாட்டான். அதன் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அலுத்துக்கொள்வான். வாசகருக்கு அந்த அலுப்பிலேயே உலகம் புரிந்துவிடும்.

அப்புறம் அவன் பூமியில் இருக்கும் மனைவியோடு போனில் சண்டை போடுகிறான், நம் வீட்டில் போடுவதுபோல உடனுக்குடன். செவ்வாயிலிருந்து ஒரு சொல் இங்கே வந்துசேரக் குறைந்தது 3 நிமிடம், கிரகங்கள் விலகி நிற்கும்போது சுமார் 22 நிமிடம் ஆகும். கதை எழுதியவர் இதைத் தொல்லையாக நினைத்து மறைத்துவிட்டார். எனக்கென்னவோ கதையே அங்கேதான் இருக்கிறது. இப்படி வைத்துக்கொள்வோம்: அவன் மன்னிப்பு கேட்டு அனுப்பிவிட்டான். அது போய்ச் சேர்வதற்குள் அவள் அதைவிடக் கடுமையாக ஒன்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. வாசகருக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஒன்று: கதிர், கவின், கண்ணன், கயல் என்று ஒரே கதையில் நாலு 'க'. இரண்டு பேருக்காவது பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.