பொள்ளாச்சி நார்க் களத்தில் ஒரு மத்தியானம்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகும் சாலை எனக்குப் பழக்கம்தான். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, எதிரே மலை. எப்போதும் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவேன். போன ஜூலையில், தோப்புகளுக்கு நடுவே குன்றாகக் குவிந்திருந்த தேங்காய் மட்டைகளைப் பார்த்து ஒரு நார் மில் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

உள்ளே இயந்திர இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. முற்றிய காயின் மட்டையை நனைத்து இயந்திரத்தில் கொடுத்தால் நார் ஒரு பக்கம், துகள் ஒரு பக்கம் பிரிகிறது. கேரளத்தில் பச்சை மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது வெள்ளை நார். இங்கே வருவது பழுப்பு நார். மெத்தை செய்யச் சீனாவுக்கு நிறையப் போகிறது.

என்னை அசரவைத்தது துகள்தான். மட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். முன்பெல்லாம் போட இடமில்லாமல் குவிந்து கிடந்த கழிவு. இப்போது உப்புப் போகக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். எங்கோ ஒரு பசுமைக்குடிலில் மண்ணுக்குப் பதிலாக இதில் தக்காளி காய்க்கிறது. கழுவிய தண்ணீர் மட்டும் மனதை உறுத்தியது. வரக்காப்பி நிறத்தில் ஓடும் அது நிலத்தில் இறங்கினால் பக்கத்துக் கிணறு கெடும். சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கத்தான் வேண்டும்.

அப்புறம் களத்துக்கு வந்தேன். முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பெண்கள் துகளைப் பரப்பிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "மெஷினு எத்தன அடிச்சாலும் வெயில் காயோணும் கண்ணு. மழ புடிச்சுதுன்னா எங்களுக்குக் கூலி இல்ல." தோட்ட வேலை குறைந்த பிறகு மகளின் படிப்புச் செலவு இந்தக் களத்திலிருந்துதான் போகிறதாம். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. வேலையில்லாத அந்த நாட்களுக்கு ஒரு நிவாரணத் தொகை கொடுத்தால் என்ன?

பேசிக்கொண்டிருக்கும்போதே மலைப் பக்கம் இருட்டியது. அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். "தார்ப்பாய அந்தப் பக்கம் புடி கண்ணு!" பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்தேன். மூன்று நாள் காய்ந்த துகள் அது. பாதிதான் மூட முடிந்தது.