ஹைபிரிட் வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஹைபிரிட் கார் பார்க்கப் போகிற எவரும் முதலில் கேட்பது, "பற்றரி எப்படி?" நான் கேட்பது தயாரிப்பு ஆண்டு. விளம்பரத்தில் 2014/2016 என்று போட்டிருந்தால் முதல் இலக்கம்தான் காரின் வயது. மற்றது இங்கே பதிந்த ஆண்டு. 2020இல் நின்ற இறக்குமதி 2025 வரை தொடங்காததால் இந்தக் கார்கள் கைமாறிக் கைமாறி ஓடிவிட்டன. அதனால் வயது முக்கியம்.

ரொயோட்டா பிரியஸில் 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறையிடம்தான் எனக்குப் பயம். அதற்கு முந்தின பிரியஸில் இல்லாத ஈஜிஆர் கூலர் (புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பாகம்) இதில் உண்டு. அது கரி பிடித்து அடைத்தால் கடைசியில் ஹெட் காஸ்கட் (என்ஜினின் மேல், கீழ்ப் பகுதிகளுக்கு இடையில் இருக்கும் தகடு) போகும் என்பது கராச்சில் எல்லோரும் சொல்வது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் கடகடவென்று உதறிவிட்டுப் பிறகு அடங்கினால், அந்தக் கார் வேண்டாம். நான் போகுமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், "சரி அண்ணை, நாளைக்குக் காலமை வாறன்" என்று திரும்பிவிடுவேன். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டரின் மென்பொருளுக்காக 2014இல் சுமார் 19 இலட்சம் பிரியஸ்களை ரொயோட்டா திரும்ப அழைத்ததும் இதே தலைமுறைதான்.

ஹொண்டா கிரேஸ் ஓட்ட நல்ல சுகம். ஆனால் அதன் 7 கியர் பெட்டியில் இருப்பது எண்ணெயில் நனையாத இரட்டை உலர் கிளட்ச். கொழும்பு நெரிசலில் ஊர்ந்தால் சூடேறும். இதே அமைப்போடு 2013 செப்டெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் 5 தடவை திரும்ப அழைக்கப்பட்டது. கிரேஸ் அதற்குப் பிறகு, டிசம்பரில் வந்தது. இருந்தாலும் 2017க்குப் பிந்தியதையே தேடுங்கள்.

எவரும் கேட்டால் நான் சொல்வது ரொயோட்டா அக்சியோ ஹைபிரிட். 2013இல் வந்தது, 2003 பிரியஸின் 1.5 லீட்டர் என்ஜின் வழி. தேய்வதற்குக் கிளட்ச் இல்லை. பற்றரிக் கவலை இருந்தால் பற்றரியைக் குளிர்விக்கப் பின் சீட் ஓரத்திலுள்ள காற்று வாயின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே விசிறி இதழ்களில் செம்மண்ணும் தலைமயிரும் கம்பளி மாதிரி அப்பியிருந்தால், பற்றரி வருடக்கணக்காக வெக்கையில் வெந்திருக்கிறது. அப்புறம் ஸ்கேனரைப் பொருத்தி ஓட்டி, பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டேஜும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.