ஜனவரியில் இரண்டடி, அக்டோபரில் ஓரடி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பனிக்குப் பயப்படத் தேவையில்லை, அக்டோபர் பனிக்குத்தான் பயப்பட வேண்டும். ஹார்ட்ஃபோர்டுக்கு வேலை மாற்றலாகி வரும் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 2011-இல் இங்கே இருந்த யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி ஒரே நாளில் பிராட்லி விமான நிலையத்தில் 24 அங்குலம் பனி. அந்த ஒரு மாதத்தில் மட்டும் மொத்தம் 57 அங்குலம். வாசலில் பனியை வாரி வாரி இடுப்பு போனதே தவிர, எங்கள் வீட்டில் ஒரு பல்புகூட அணையவில்லை. அதே வருஷம் அக்டோபர் 29, சனிக்கிழமை. அதே விமான நிலையத்தில் 12.3 அங்குலம்தான். மாநிலத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஆகஸ்டு கடைசியில் வந்த ஐரீன் புயல் வைத்த சாதனையை இரண்டே மாதத்தில் முறியடித்த பனி இது. சிம்ஸ்பரி பக்கம் இருக்கும் எங்கள் தெருவுக்கு ஒரு வாரம் தாண்டியும் கரண்ட் வரவில்லை.

இதற்கெல்லாம் காரணம் இலைதான். ஜனவரியில் மரம் மொட்டையாக நிற்கும். பனி கிளை இடுக்கில் கொஞ்சம் தங்கி மீதி கீழே போய்விடும். அக்டோபர் கடைசியில் இங்கே மேப்பிள் பாதி உதிர்த்திருக்கும், ஓக் மரமோ அப்படியே இலையோடு நிற்கும். அன்று விழுந்ததும் உலர்ந்த தூள் பனி இல்லை. உறைநிலையை ஒட்டிய குளிரில் வரும் ஈரப் பனி. ஒவ்வொரு இலையிலும் பசை போட்டதுபோல் ஒட்டியது. மதியம் தொடங்கியது, மூன்று மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் நின்ற பிராட்ஃபோர்ட் பேரி மரத்தின் நுனிக் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த மரத்துக்குக் கிளைகள் எல்லாம் ஒரே கவையிலிருந்து கிளம்பும். முதலில் கவையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பனி என்று நினைத்தேன். பட்டை கிழிந்து உள்ளே இருக்கும் மரம் தெரிந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு அகலமாகி, மரம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா ஓடி வந்து, செடிகளையாவது காப்பாற்று என்று விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார். மேலிருந்து அடிக்கக் கூடாதாம். கிளைக்குக் கீழே விளக்குமாற்றை நுழைத்து மெதுவாக மேலே தூக்கி அசைக்க வேண்டும். பனி சரிந்ததும் கிளை தானே எழுந்துகொள்ளும். பெரிய மரத்தின் அடியில் மட்டும் போகாதே, தரையில் கம்பி கிடந்தால் கேபிள் கம்பியா கரண்ட் கம்பியா என்று ஆராய்ச்சி செய்யாதே, தள்ளி நில் என்றார்.

இரவில் காட்டுப் பக்கமிருந்து வெடிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. தீபாவளி முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "இங்கயும் மிச்ச வெடியை வச்சு விடுதானுவளா?" என்று கேட்டார். ஓக் கிளைகள் முறிகிற சத்தம் அத்தை என்றதும், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் தீபாவளி விழா நடப்பதாக இருந்தது. மகள் ஆட வேண்டும், என் பொறுப்பு 60 பேருக்குத் தயிர்சாதம். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் கலந்து முடித்தபோது விழா ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது; கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. அந்த அண்டாவை மறுநாள் தெரு முழுக்கக் காலி செய்தோம். கொத்துமல்லித் தழையைச் சந்தேகமாகப் பார்த்த அதே தாத்தா இரண்டாம் முறை கிண்ணத்தை நீட்டினார்.

அத்தைக்கு மின்வெட்டு புதிதில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தேர்தலிலேயே அதுதான் பேச்சு. அம்பாசமுத்திரத்தில் அந்தத் தொல்லை தாங்காமல்தான் பேத்தியைப் பார்க்க வந்தேன் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய வீடு கட்டியிருக்கிய, ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடப்படாதா? நம்ம தெருவுல எல்லா வீட்லயும் இருக்குலா" என்று அவர் கேட்டபோது என் கணவரிடம் பதில் இல்லை. உண்மையில் அமெரிக்க வீட்டைப்போல் கரண்டையே நம்பிக் கிடக்கும் வீடு வேறு கிடையாது. எங்களுக்கு ஹீட்டர் எண்ணெயில் ஓடுவது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தது, ஆனால் அதைப் பற்றவைக்கும் பர்னருக்கும் சூட்டை வீடெங்கும் அனுப்பும் பம்புக்கும் கரண்ட் வேண்டும். அடுப்பும் மின்சாரம். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர். ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு நகராட்சிக் குழாய் கிடையாது, ஆழ்துளைக் கிணறுதான். மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் சொட்டு வராது.

குடிக்கப் பாட்டில் தண்ணீர் கிடைத்தது. கழிப்பறைக்குத்தான் திண்டாட்டம். வெளியே ஓரடி உயரத்துக்குத் தண்ணீர்தானே கிடக்கிறது என்று வாளி வாளியாகப் பனியை அள்ளி உள்ளே வைத்தோம். வாளி நிறைய அமுக்கி வைத்தாலும் கால் வாளிதான் தேறுகிறது. அதுவும் வீடே ஐஸ்பெட்டியாக இருக்கும்போது கரைந்தால்தானே! கணப்படுப்புக்கு முன்னால் வரிசையாக வாளிகளை வைத்துக் காத்திருந்தோம். இதில் கொடுமை, இரண்டு நாளில் வெயில் பளீரென்று அடித்துப் பனி மளமளவென்று கரைந்தது. கரண்ட் வரவில்லை, இருந்த தண்ணீரும் போச்சு. அப்புறம் ஓடையிலிருந்துதான்.

கணப்படுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவில் பார்த்து ஏமாறாதீர்கள். முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால் மற்ற அறைகள் இன்னும் குளிர்ந்துவிடும். வாசல்களில் போர்வையைத் தொங்கவிட்டு எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம்.

சமையல், வெளியே மரத்தளத்தில் கிடந்த கேஸ் கிரில்லில். கம்பிமேல் தோசைக்கல்லை வைத்து, தொப்பி, ஜாக்கெட், கையுறையோடு அத்தை தோசை ஊற்றினார். ஓரம் வேகும்போது நடு வேகாது, காற்றடித்தால் எல்லாமே வேகாது. மாவு புளிக்கவே இல்லை. அந்தக் குளிரில் எங்கே புளிக்கும்? நீர்தோசை பதத்துக்குக் கரைத்துச் சமாளித்தார். பால், தயிர் எல்லாம் வெளியே ஒரு பெட்டியில். மிச்சமிருந்த முறுக்கும் அதிரசமும் பிள்ளைகளின் காலை உணவானது.

அடுப்பை உள்ளே தூக்கி வந்தால் சமையலும் ஆச்சு, சூடும் ஆச்சு என்று அத்தை ஒருநாள் பிடிவாதம் பிடித்தார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. கேஸ் கிரில், கரி அடுப்பு, ஜெனரேட்டர் எதுவுமே வீட்டுக்குள்ளும் வரக் கூடாது, கராஜுக்குள்ளும் கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி என்று படுத்தால் எழுந்திருக்க முடியாது. அந்த வாரம் இந்த மாநிலத்தில் பனி நின்ற பிறகு அப்படிச் செத்தவர்கள் உண்டு.

போன் சார்ஜுக்கு நூலகம், குளிக்க உயர்நிலைப் பள்ளி. அங்கே போய் வரிசையில் நின்று குளிக்க அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கிரில்லில் ஒரு குண்டான் ஓடைத் தண்ணீரைச் சுடவைத்து, சொம்பில் மொண்டு குளியலறையில் குளித்தார். நாங்கள் எல்லோரும் கடைசியில் அவர் வழிக்கே வந்தோம். பள்ளி அந்த வாரம் முழுக்க விடுமுறை. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீனையும் ஊர்க்காரர்கள் தள்ளிவைத்துவிட்டார்கள். கம்பி தொங்கும் தெருவில் இருட்டில் குழந்தைகளை யார் அனுப்புவார்கள்?

மின்சார நிறுவனம் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தது. அந்த நாள் வந்தது, போனது. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் வேலை எவ்வளவு சிக்கல் என்பதை எங்கள் தெருமுனையிலேயே பார்த்தேன்: மரம் கம்பியில் தொங்குகிறது. மரம் வெட்டுகிறவர்கள் கம்பி செத்ததா என்று லைன்மேன் வந்து சொல்லும்வரை தொட மாட்டார்கள். லைன்மேன் வர வேண்டுமானால் சாலையில் கிடக்கும் இன்னொரு மரத்தை வெட்ட வேண்டும். வெளிமாநில எண் பலகையோடு வண்டிகள் வந்த பிறகுதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1869-இலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் ஒரே நாளில் ஓரங்குலம் பனி விழுந்ததே அன்றுதான் முதல் தடவை. அப்படியென்றால் இனி நம் காலத்தில் வராது என்பது என் கணவரின் கட்சி. மரத்தை வெட்டவும் அவருக்கு மனசில்லை. இந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான். மாநிலத்தின் பெருமையே ஒரு ஓக் மரம், 25 சென்ட் நாணயத்தில்கூடப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓக்கும் 1856-இல் ஒரு புயலில்தான் விழுந்தது என்பதை நான் அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன். செப்டம்பரில் ஆளை வரவழைத்து, கம்பிப் பக்கமும் கூரைப் பக்கமும் நீளும் கிளைகளைக் கழிக்கச் சொல்கிறேன். கேட்கும் கூலி அநியாயம்தான், பேரம் பேசாமல் கொடுத்துவிடுகிறேன்.

ஜெனரேட்டரும் வாங்கியாயிற்று. எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி ஸ்விட்ச் போட்டுத்தான் இணைத்தோம். சும்மா பிளக்கில் சொருகினால் கரண்ட் திரும்பித் தெருக் கம்பியில் ஏறி, வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். கிணற்று மோட்டார், ஹீட்டர், ஃபிரிட்ஜ் மூன்றும் ஓடும். வீடியோ அழைப்பில் அத்தைக்கு ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு ஏன் இந்தச் சத்தம்? இன்வெர்ட்டர்னா சத்தமே கெடையாதுலா."