வைகையை நம்பி அணு உலை கட்டலாமா?

புது அணு உலைகள் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "ஏன் கடற்கரையிலேயே கட்டுகிறார்கள், சின்னதாக ஒன்றை மதுரைப் பக்கம் போடக் கூடாதா?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். கதிர்வீச்சுப் பயம் அப்புறம். முதலில் தண்ணீர்க் கணக்கு.

கூடங்குளத்து உலை ஒன்றில் உண்டாகும் வெப்பம் சுமார் 3,000 மெகாவாட். அதில் மின்சாரமாவது 1,000. மிச்சம் 2,000 மெகாவாட் வெப்பம், டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைத்துத் திரும்ப நீராக்கும் கண்டென்சர் வழியாகக் கடலுக்குப் போகிறது. உள்ளே போகும் நீர் 7 டிகிரி மட்டும் சூடேறி வெளியே வர வேண்டுமென்றால் விநாடிக்கு ஏறக்குறைய 70 கன மீட்டர் ஓட வேண்டும், அதாவது 2,500 கன அடி. வைகை அணை நிரம்பினால் கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி. அது முழுதும் ஒரே ஒரு உலைக்குள் புகுந்து வெளியேற 28 நாள் போதும்.

"கூலிங் டவர் கட்டலாமே?" கட்டலாம். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கால்வாயை ஒட்டியிருக்கும் நரோரா அணுமின் நிலையத்தில் அப்படித்தான். சுற்றிச் சுற்றி ஓடும் நீரில் ஆவியாகிப் போவதை மட்டும் ஈடுகட்டினால் போதும். அதுவே 1,000 மெகாவாட்டுக்கு விநாடிக்கு 25 கன அடி. வருஷம் முழுக்க ஓடினால் அணையில் எட்டில் ஒரு பங்கு காலி. ஆவியாக ஆவியாக மிஞ்சிய நீரில் உப்பு ஏறும். அதை அவ்வப்போது வடித்துவிட்டுப் புது நீர் சேர்க்க வேண்டும். வடிக்காவிட்டால், நம் ஊர் போர் தண்ணீர் ஹீட்டரில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற மாதிரி கண்டென்சர் குழாயிலும் படியும். கண்டென்சருக்குள் நீராவியை இழுக்கிற வெற்றிடம் குறையும், மெகாவாட்டும் குறையும். சின்ன உலை என்றாலும் ஒரு மெகாவாட்டுக்கு ஆகிற நீர் குறையாது.

அனல்மின் நிலையத்தில் தண்ணீர் தீர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காரலாம். உலையில் அது நடக்காது. அணுவைப் பிளக்கும் வினை நின்ற கணத்திலும் எரிபொருளில் முழு வெப்பத்தின் 6 சதவீதம் உண்டாகிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், அதாவது 15 மெகாவாட். அதைத் தண்ணீர் கொதிக்கவிட்டே தணிப்பதென்றால் மணிக்கு 20,000 லிட்டருக்கு மேல் ஆகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி மணிக்கு இரண்டு, ராத்திரி பகல் பாராமல், நாள் கணக்கில். இதற்கென்றே தனிக் குளம் வெட்டி, யாரும் தொடாமல் நிரப்பியே வைத்திருக்க வேண்டும். கோடையில் குடிநீருக்கே முறை வைக்கும் ஊரில் அந்தக் குளத்தை யார் விட்டுவைப்பார்கள்?

நீர் எடுக்கும் வாயிலும் ஒரு தொல்லை உண்டு. கல்பாக்கத்தில் சல்லடையை அடைப்பது ஜெல்லி மீன். இங்கே ஆகாயத்தாமரை, வண்டியூர்க் கண்மாயைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்தால் இல்லை, ஆகவே ராத்திரிக்கு அணு மின்சாரம் வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். வேண்டுமென்றால் கூடங்குளத்தில் ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருக்கும் நான்கு உலைகளை, சூடான நீர் மீன்பாட்டை என்ன செய்கிறது என்ற இடிந்தகரைக்காரர்களின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, முடிக்கட்டும். மின்சாரம் 400 கிலோவோல்ட் கம்பியில் மதுரைக்கு வந்து சேர்ந்துவிடும்.